பாலையும் கோதுமையையும் நிறுத்தலாமா? ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு மூன்று உணவு வழிகள், ஓர் ஒப்பீடு

பெங்களூரில் எந்தத் தெரபி சென்டரின் காத்திருப்பு அறையிலும் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும், "பாலை நிறுத்திட்டீங்களா? கோதுமை?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். அக்கறையோடுதான் கேட்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்விக்குள் மூன்று வெவ்வேறு வழிகள் கலந்து கிடக்கின்றன. பால் புரதமான கேசீன், கோதுமைப் புரதமான குளூட்டன் இரண்டையும் அடியோடு விலக்குவது ஒன்று. பெற்றோர் வட்டாரத்தில் இதற்கு ஜி.எஃப்.சி.எஃப். டயட் என்று பெயர். அலர்ஜி என்று உறுதியான உணவை மட்டும் விலக்குவது இன்னொன்று. சந்தேகப்படும் ஒரே ஒரு உணவைச் சில வாரம் நிறுத்தி, திரும்பக் கொடுத்துப் பார்ப்பது மூன்றாவது.

ஆட்டிசம் உள்ள பல குழந்தைகள் மொத்தமாகச் சாப்பிடுவதே பத்துப் பதினைந்து பதார்த்தம்தான். அதில் தயிர் சாதத்தையும் பாலையும் எடுத்துவிட்டால், அந்த இடத்துக்கு வேறொன்று தானாக வந்துவிடாது. பெரும்பாலும் தட்டு அப்படியே காலியாகக் கிடக்கும். அதனால் மூன்று வழிகளையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோட வேண்டும்: எது போகிறது, அதற்குப் பதில் இந்தக் குழந்தை உண்மையில் எதைச் சாப்பிடும்?

முழு விலக்கு: எதிர்பார்ப்பும் விலையும்

அரைகுறையாகச் செரித்த கேசீனும் குளூட்டனும் அபின் போன்ற துணுக்குகளாகி மூளையைப் பாதிக்கின்றன என்பது இந்த டயட்டுக்குப் பின்னால் இருக்கும் கருத்து. இதன் வேர் 1979-இல் மூளை ஆய்வாளர் யாக் பாங்க்செப் முன்வைத்த ஊகத்தில் இருக்கிறது. ஊகம் பழையது, சான்று இன்னும் சேரவில்லை. 2008-இல் வெளிவந்த, அதுவரை வந்த ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்ட காக்ரேன் தொகுப்பாய்வு, பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்று போதாது என்றது. 2016-இல் அச்சான ஓர் அமெரிக்க ஆய்வில், டயட்டில் இருந்த 14 சிறு குழந்தைகளுக்குச் சில வாரம் கழித்து குளூட்டன் அல்லது கேசீன் கலந்த தின்பண்டம் கொடுத்தார்கள். எது கலந்தது, எது வெறுமனே என்று பெற்றோருக்கும் தெரியாது, கவனிப்பவருக்கும் தெரியாது. நடத்தையிலோ தூக்கத்திலோ மலத்திலோ வித்தியாசம் தெரியவில்லை. ஆட்டிசத்தின் அடிப்படைக் கூறுகளுக்காக இந்த விலக்கு உணவைப் பயன்படுத்த வேண்டாம் என்று இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டி அமைப்பான நைஸ் 2013-இலேயே சொல்லிவிட்டது.

அப்படியானால் "எங்க பையன் அமைதியானான்" என்று சொல்லும் பெற்றோர் பொய் சொல்கிறார்களா? நிச்சயமாக இல்லை. தினம் ஒரு லிட்டர் பால் குடித்து, நாள்கணக்கில் மலம் இறுகிக் கிடந்த குழந்தைக்குப் பாலை நிறுத்தினால் வயிறு இளகும், வலி போகும், ராத்திரி தூங்கும். வலியைச் சொல்லத் தெரியாத குழந்தை தலையை முட்டிக்கொண்டிருந்தால் அதுவும் குறையும். நிஜமான முன்னேற்றம்தான் அது. ஆனால் மலச்சிக்கல் தீர்ந்ததால் வந்த முன்னேற்றம். அதற்காகக் கோதுமையையும் சேர்த்து விலக்க வேண்டியதில்லை.

தமிழ் வீட்டுக்கு இந்த டயட்டில் குளூட்டன் பகுதி எளிது. இட்லி, தோசை, இடியாப்பம், ஆப்பம், பச்சரிசி உப்புமா எல்லாமே ஏற்கெனவே குளூட்டன் இல்லாதவை. இந்த ஊரின் அக்கி ரொட்டியும் ராகி முத்தேயும் அப்படியே. மாட்டிக்கொள்வது மறைந்திருக்கும் இடங்களில்தான். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா அல்லது கோதுமை மாவு கலந்திருக்கும். சாம்பாரும் ரசமும் அதனால் கெடும். ஹார்லிக்ஸில் கோதுமை, பார்லி மால்ட், பால் மூன்றும் உண்டு. தர்ஷினி ஹோட்டலின் ரவா இட்லியும் சௌசௌ பாத்தும் கோதுமை ரவை. அதே ஊரில் பாக்கெட்டில் விற்கும் இட்லி ரவையோ அரிசி. மசாலா தோசைக்கு முன்னால் அதே கல்லில் ரவா தோசை வார்த்திருப்பார்கள்.

கேசீன் பகுதி கஷ்டம். அதில் போவது கால்சியம் மட்டுமில்லை. முட்டைகூடத் தொடாத சைவக் குடும்பத்தில் குழந்தைக்கு பி12 கிடைப்பதே பாலிலும் தயிரிலும்தான். அதை நிறுத்தும் நாளிலேயே பி12 மருந்தைத் தொடங்க வேண்டும். ஆட்டிசம் உள்ள சிறுவர்களின் எலும்பைப் படமெடுத்துப் பார்த்த 2008 ஆய்வொன்றில், கேசீன் இல்லாத உணவில் இருந்தவர்களுக்கு எலும்பின் தடிமன் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. இதையெல்லாம் தெரிந்தும் இந்த வழியில் போக விரும்பினால், தொடங்கும் முன் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பு), வைட்டமின் டி, பி12 பார்த்துவிடுங்கள். மாதாமாதம் எடை பாருங்கள். எடை இறங்கினால் டயட்டை நிறுத்துங்கள்.

ஒன்று மட்டும் மறக்கக்கூடாது. குளூட்டனை நிறுத்தும் முன் சீலியாக் நோய்க்கான (குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் நோய்) டி.டி.ஜி. ரத்தப் பரிசோதனையை எடுத்துவிட வேண்டும். நிறுத்திய பின் எடுத்தால் நோய் இருந்தாலும் இல்லை என்று காட்டக்கூடும். திரும்பக் கோதுமையை ஆறு வாரமாவது தினமும் கொடுத்துத்தான் மறுபடி பார்க்க முடியும். சப்பாத்தியை மறந்துபோன குழந்தையிடம் அது மிகக் கொடுமையான ஆறு வாரம்.

உறுதியானதை மட்டும் விலக்குவது: எந்தப் பரிசோதனை?

சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சிரைப்பு வந்தால் அது உடனடி அலர்ஜி. இங்கே யோசிக்க ஒன்றுமில்லை, விலக்கத்தான் வேண்டும். உறுதிசெய்ய இரண்டு சோதனைகள் உண்டு. ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு இவற்றுக்கு இடையிலான தேர்வு சாதாரணமானதல்ல.

தோல் குத்துச் சோதனையில் முன்கையிலோ முதுகிலோ சொட்டு வைத்து லேசாகக் குத்துவார்கள். 15 நிமிடத்தில் முடிவு. 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல் தடித்தால் பாசிட்டிவ். ஆனால் அந்தப் பதினைந்து நிமிடமும் அரிப்பைச் சொறியாமல் இருக்க வேண்டும். செட்ரிசின் வகை அலர்ஜி மருந்துகளை 5 முதல் 7 நாள் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். தொடுவதே பிடிக்காத குழந்தைக்கு இது நடக்காத காரியம். அலர்ஜியைத் தூண்டும் எதிர்ப்புரதத்தை அளக்கும் ஐ.ஜி.ஈ. ரத்தச் சோதனைக்கு ஒரே ஊசி, மருந்தை நிறுத்த வேண்டாம், ஊசி போடும் இடத்தில் ஒரு மணி நேரம் முன்னால் மரப்புக் களிம்பு தடவலாம். முடிவு வரச் சில நாள் ஆகும், அவ்வளவுதான். பல குழந்தைகளுக்கு இதுதான் சரிப்படும்.

இரண்டிலுமே, பிரச்சினையில்லாமல் சாப்பிட்டுவரும் உணவுக்குப் பாசிட்டிவ் வந்தால் அது அலர்ஜி ஆகாது. அதனால் ஐம்பது, அறுபது உணவுகளை மொத்தமாகப் பார்க்கும் பேக்கேஜ் எடுக்காதீர்கள். சந்தேகம் உள்ளதை மட்டும் கேளுங்கள்.

ஐ.ஜி.ஜி. என்று விற்கப்படும் 'ஃபுட் இன்டாலரன்ஸ்' பட்டியல் சோதனை வேறு. ஒரு உணவை அடிக்கடி சாப்பிட்டால் உடம்பில் ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்புரதம் இருப்பது இயல்பு. ஐரோப்பிய அலர்ஜி மருத்துவர் சங்கம் 2008-லேயே இதை அலர்ஜி கண்டறியப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவித்துவிட்டது. இதன் அறிக்கையில் சிவப்பில் வருவது பெரும்பாலும் குழந்தை தினம் சாப்பிடும் அந்தப் பத்துப் பதார்த்தங்கள்தான். அதைப் பார்த்து ஒரே நாளில் எட்டு உணவை நிறுத்துவது, மூன்று வழிகளையும்விட மோசமான நாலாவது வழி.

ஒன்றை நிறுத்தித் திரும்பக் கொடுப்பது

உடனடி அலர்ஜி இல்லை. ஆனால் தீராத மலச்சிக்கல், வயிற்றோட்டம், எக்ஸிமா என்ற தோல் அரிப்பு நோய். பால்மீது சந்தேகம். இங்கே மூன்றாவது வழிதான் எங்கள் தேர்வு. ஒழுங்காகச் செய்தால் மட்டுமே இதற்கு அர்த்தம் உண்டு.

நிறுத்தும் முன் இரண்டு வாரம் வெறுமனே குறித்து வையுங்கள்: மலம் எத்தனை தடவை, கெட்டியா இளகலா, ராத்திரி எத்தனை முறை எழுந்தான், அரிப்பு எங்கே. பிறகு பால், தயிர், மோர், வெண்ணெய், பனீர், பால் பவுடர் உள்ள பிஸ்கட் எல்லாம் இரண்டிலிருந்து நான்கு வாரம் முழு நிறுத்தம். இந்தக் காலத்தில் புது மருந்து, புதுத் தெரபி, பள்ளி மாற்றம் எதுவும் வேண்டாம். எது வேலை செய்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. வகுப்பு மிஸ்ஸிடம் டயட்டைப் பற்றிச் சொல்லாமல் வாரம் ஒரு முறை நடத்தையை மட்டும் குறிக்கச் சொன்னால் நேர்மையான கணக்கு கிடைக்கும்.

நான்கு வாரத்தில் மாற்றம் இல்லையென்றால் பால் காரணமில்லை, திரும்பக் கொடுத்துவிடுங்கள். மாற்றம் இருந்தாலும் திரும்பக் கொடுத்துப் பார்த்தே ஆகவேண்டும். நல்லது நடந்ததும் இதை விட்டுவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. எக்ஸிமா உள்ள குழந்தைக்கோ ஐ.ஜி.ஈ. பாசிட்டிவான குழந்தைக்கோ மட்டும் வீட்டில் கொடுக்காதீர்கள். நீண்ட இடைவெளிக்குப் பின் கொடுத்ததும் உடனடி அலர்ஜி வந்த குழந்தைகள் உண்டு. அது மருத்துவமனையில் நடக்க வேண்டியது.

பாலுக்குப் பதில் எது?

முதலில், எது பதில் இல்லை என்பது. கண்ணாடி பாட்டிலில் வரும் ஏ2 பால், எருமைப் பால், ஆட்டுப்பால் மூன்றும் பால் அலர்ஜிக்கு உதவாது. புரதங்கள் அந்த அளவுக்கு ஒத்தவை. லாக்டோஸ் நீக்கிய பாலிலும் புரதம் அப்படியே இருக்கும். நெய்யிலும் துளி கேசீன் ஒட்டிக்கொண்டிருக்கும்.

சோயா பால்தான் புரதத்தில் பசும்பாலுக்குப் பக்கத்தில் வருகிறது, 100 மில்லிக்கு ஏறக்குறைய 3 கிராம். கால்சியம் சேர்த்ததா என்று லேபிளில் பாருங்கள்; சேர்த்த கால்சியம் அடியில் படிந்துவிடும், குலுக்காமல் ஊற்றினால் கடைசித் தம்ளருக்குத்தான் போய்ச்சேரும். பாதாம் பாலில் ஒரு தம்ளருக்கு 1 கிராம் அளவுக்குத்தான் புரதம், பெரும்பாலும் சர்க்கரை வேறு. தேங்காய்ப் பாலில் கொழுப்பு உண்டு, எடை குறைந்த குழந்தைக்கு நல்லது, கால்சியம் கிடையாது.

5 வயதுக் குழந்தைக்கு ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020 அளவுப்படி தினம் 550 மில்லிகிராம் கால்சியம் தேவை. 30 கிராம் ராகி மாவில் சுமார் 110, அடையில் போடும் 25 கிராம் முருங்கைக் கீரையில் 80, ஒரு டீஸ்பூன் தோல் நீக்காத எள்ளுப் பொடியில் 50-க்கு மேல். எல்லாம் சேர்ந்தாலும் பாதிக்குக் கீழே. எள்ளும் ஓர் அலர்ஜிப் பொருள் என்பது வேறு. ராகி மட்டும் போதும் என்று பாட்டிமார் சொல்வது இந்தக் கணக்கில் நிற்காது. மீதிக்குக் கால்சியம் சேர்த்த சோயா பால் அல்லது மருத்துவர் தரும் மருந்து. வாங்கும்போது கவனம்: 1250 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் என்றால் அதில் உள்ள கால்சியம் 500 தான். இரும்புச் சத்து மருந்தோடு ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டாம்.

தயிருக்கு வேர்க்கடலைத் தயிர் நன்றாக வருகிறது (கடலை அலர்ஜி இல்லாத குழந்தைக்கு மட்டும்). 100 கிராம் பச்சை வேர்க்கடலையை 8 மணி நேரம் ஊறவைத்துத் தோல் நீக்கி, அரை லிட்டர் தண்ணீர் விட்டு அரைத்து வடிகட்டி, அடிபிடிக்காமல் கொதிக்கவைத்து, கைச்சூட்டுக்கு ஆறியதும் நாலைந்து பச்சை மிளகாயைக் காம்போடு போட்டு மூடுங்கள். பெங்களூர் டிசம்பர் குளிரில் 8 மணி நேரத்தில் உறையாது. விளக்கு மட்டும் எரியும் ஓவனுக்குள் 12 மணி நேரம் வையுங்கள். சாதாரணத் தயிரை உறை ஊற்றினால் பால் புரதம் உள்ளே வந்துவிடும், செய்த வேலையெல்லாம் வீண்.

அலர்ஜி இல்லாத குழந்தைக்கு மாற்றும்போது பத்து ஸ்பூன் பழைய தயிரில் ஒரு ஸ்பூன் புதுசைக் கலந்து, மூன்று நான்கு நாளுக்கு ஒரு ஸ்பூன் கூட்டலாம். உறுதியான அலர்ஜியில் இந்தக் கலப்பு முடியாது. அப்போது புதுத் தயிரைப் பழைய தட்டில், பழைய தயிர் சாதம் போல வைக்காதீர்கள். நாக்கு வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிடும், சாதத்தையும் சேர்த்தே ஒதுக்கிவிடும். வேறு கிண்ணம், வேறு நேரம், புது உணவாகவே அறிமுகமாகட்டும்.

வீட்டுக்கு வெளியே

பள்ளிக்கு டப்பா கட்டுவது ஹோட்டலையும் கேன்டீனையும்விடப் பாதுகாப்பு. இதில் இரண்டாம் கருத்து இல்லை. தெரபி சென்டர்தான் எல்லோரும் தவறவிடும் இடம். ஒவ்வொரு சரியான பதிலுக்கும் பிஸ்கட் துண்டோ சாக்லேட்டோ பரிசாகத் தருவார்கள். அதற்குப் பதில் வீட்டிலிருந்தே ஒரு சின்ன டப்பாவில் பொரி, வறுத்த மக்கானா, உலர் திராட்சை கொடுத்தனுப்புங்கள். விளையாட்டு மாவில் கோதுமை இருக்கும். வாயில் போடும் குழந்தைக்குக் கோதுமை அலர்ஜியோ சீலியாக்கோ இருந்தால் அரிசி மாவில் பிசைந்து கொடுங்கள்.

பாக்கெட்டில் 2020 லேபிள் விதிப்படி பால், குளூட்டன் தானியம், முட்டை, வேர்க்கடலை, கொட்டைகள், சோயா, மீன், இறால் வகை எல்லாம் தெரிவிக்கப்பட வேண்டும். எள்ளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பொருள் பட்டியலையே படிக்க வேண்டும்.

கடும் அலர்ஜி உள்ள குழந்தை "தொண்டை அடைக்குது" என்று சொல்லாது. நாக்கை இழுப்பது, காதைத் தேய்ப்பது, குரல் கம்முவது, திடீரென்று துவண்டு உட்காருவது, இவைதான் அறிகுறி. பள்ளியில் இதைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதி ஆயாம்மாவிடமும் கொடுங்கள். செட்ரிசின் சிரப் மூச்சுத்திணறலை நிறுத்தாது. அதற்கு அட்ரினலின்தான்: மில்லிக்கு 1 மில்லிகிராம் உள்ள ஆம்பூலிலிருந்து கிலோவுக்கு 0.01 மில்லி, அதாவது 15 கிலோ குழந்தைக்கு 0.15 மில்லி, தொடையின் வெளிப்பக்கத் தசையில். இன்சுலின் சிரிஞ்சின் ஊசி தசைவரை போகாது. அளவை மருத்துவர் எழுதித் தரட்டும். போடும் விதத்தை அவரிடமே செய்து பழகிக்கொள்ளுங்கள். ஊசி போட்டதும் குழந்தையைப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். மூச்சு முட்டினால் மட்டும் சாய்த்து உட்காரவைக்கலாம்.