1000 கெஜத்துக்கு பைபாடா, ஃபிரண்ட் ரெஸ்டா?

எஃப் கிளாஸ் (படுத்தபடி, ரைஃபிளைத் தாங்கியில் வைத்து, ஸ்கோப் வழியே தொலைதூர இலக்கைச் சுடும் போட்டி) பக்கம் புதிதாக வருகிறவர்கள் எந்த ரைஃபிள், எந்த ஸ்கோப் என்றுதான் விசாரிப்பார்கள். ரைஃபிளின் முன்பக்கத்தைத் தாங்கப்போவது எது என்பதை யாரும் முதலில் கேட்பதில்லை. ரைஃபிளிலேயே மாட்டும் இருகால் தாங்கியான பைபாடா, தரையில் தனியாக நிற்கும் முக்கால் தாங்கியான ஃபிரண்ட் ரெஸ்டா என்பதுதான் கேள்வி. நான் .308 தோட்டா ரைஃபிளை அகலக் கால் பைபாடில் வைத்துச் சுடுகிறவன். என் ஓட்டு எதற்கு என்பதை ஊகித்திருப்பீர்கள்.

விலை, சுமை இரண்டிலும் பைபாட்தான் லேசு, அதில் பேச ஒன்றுமில்லை. விதியைத்தான் கவனிக்க வேண்டும். .308, .223 தோட்டாக்களுக்கான எஃப்-டிஆர் பிரிவில் ரைஃபிள், ஸ்கோப், பைபாட் எல்லாம் சேர்த்து 8.25 கிலோ வரைதான்; ஃபிரண்ட் ரெஸ்ட் கூடாது. மற்ற தோட்டாக்களுக்கும் இடமுள்ள எஃப்-ஓப்பனில் ரைஃபிளுக்கு 10 கிலோ வரை, ரெஸ்ட்டின் எடை கணக்கில் சேராது. .308-ஐ ரெஸ்ட்டில் வைத்து ஓப்பனில் இறங்கலாம்தான். ஆனால் காற்றடிக்கும் நாளில், குண்டு குறைவாக விலகும் 7 மி.மீ. ரைஃபிள்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

எனக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது ஒன்றே ஒன்று: சுட்ட பிறகு ரைஃபிள் பழைய இடத்துக்கு வருகிறதா? முன் தாங்கிக்கும் பின்பைக்கும் (ரைஃபிளின் பின்பக்கத்தைத் தாங்கும் மணல் பை) நடுவே 75 செ.மீ. இருக்கிறது என்று வையுங்கள். பின்பக்கம் 0.1 மி.மீ., அதாவது ஒரு தாளின் கனம் நகர்ந்தால், 1000 கெஜத்தில் குறி சுமார் 12 செ.மீ. விலகும். உச்சப் புள்ளி தரும் வளையத்தின் குறுக்களவே 10 அங்குலம்தான். நடுவில் வைத்த குறி கிட்டத்தட்ட வளையத்தின் ஓரத்துக்குப் போய்விடும்.

வேட்டைக்காரர்கள் மாட்டும் குறுகிய ரப்பர் கால் பைபாட் இங்கேதான் தோற்கிறது. உதைக்கும்போது துள்ளி, வேறெங்கோ உட்காரும். அகல பைபாடின் கால்கள் சறுக்குப் பலகை மாதிரி, பாயின் மேல் நேராகப் பின்னே வழுக்கும். முன்னே தள்ளினால் அதே தடத்தில் திரும்பும். சரியாக அமைந்திருக்கிறதா என்று பார்க்க, சுட்டதும் தோளை எடுக்காமல் ஸ்கோப்பில் பாருங்கள். குறுக்குக்கோடு பக்கத்து இலக்கில் நின்றால் பைபாடைத் திட்டுவதற்கு முன் பின்பையை அமுக்கிப் பார்க்க வேண்டும். மணல் தளர்வாக இருந்தால் எந்த பைபாடும் காப்பாற்றாது. கனமான நைஸ் மணலைக் கெட்டியாக அடைத்து, பையின் காதுகளில் (ரைஃபிள் உட்காரும் இரு மேடுகள்) கொஞ்சம் டால்கம் பவுடர் தடவினால் பாதிப் பிரச்சினை போய்விடும். இங்கிலாந்தின் பிஸ்லி சுடுதளத்தில் இருவர் மூவராக ஒரே இலக்கில் மாறி மாறிச் சுடும்போது, நம் முறை வருவதற்குள் தளர்ந்த பை இன்னும் கொஞ்சம் அமுங்கியிருக்கும்.

ஃபிரண்ட் ரெஸ்ட்டுக்கு ஒரு சபாஷ் உண்டு. ஜாய்ஸ்டிக்கை ஒரு கையால் அசைத்தால் குறி வெண்ணெயாய் நகர்கிறது. அந்தச் சுகம் என் பைபாடில் இல்லை. ஆனால் ஈரப் புல்தரையில் அதன் மூன்று கூர்க்கால்களையும் நன்றாக அழுத்தி ஊன்றி, மட்டம் பார்த்துத்தான் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் ஒரு கால் இறங்கிவிடும். இது நண்பரின் ரெஸ்ட்டில் சுட்டுப் பார்த்ததை வைத்துச் சொல்வது. ஒரு முழு சீசன் ஓட்டியவர்கள் வேறு மாதிரி சொல்லக்கூடும்.

கையில் .308 இருந்தால் அகல பைபாட் வாங்குங்கள், மிச்சப் பணத்தில் நல்ல பின்பை. 7 மி.மீ. வாங்கப்போகிறவர் என்றால் ரெஸ்ட்தான், வேறு யோசனையே வேண்டாம்.