டக்ளஸின் வழியா, ஜான் பிரவுனின் வழியா?

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861-ல் தொடங்கியது. அதற்கு முன்பே அடிமை முறையை ஒழிக்கப் போராடிய ஃபிரெடெரிக் டக்ளஸும் ஜான் பிரவுனும் நண்பர்கள். ஆனால் வழி வேறு.

டக்ளஸ் மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து, 1838-ல் தப்பியவர். மேடைப் பேச்சும், 1847-ல் தொடங்கிய 'நார்த் ஸ்டார்' பத்திரிகையும்தான் அவர் ஆயுதம். பிரவுன் வெள்ளையர், ஆழ்ந்த மத நம்பிக்கை உள்ளவர். ரத்தம் சிந்தாமல் அடிமை முறை ஒழியாது என்று நினைத்தார். 1856-ல் கன்சாஸில் அவருடைய குழு ஐந்து பேரை வீட்டிலிருந்து இழுத்து வந்து கொன்றது. அதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

1859 ஆகஸ்டில் பென்சில்வேனியாவின் சேம்பர்ஸ்பர்க்கில், ஒரு பழைய கல்குவாரியில் இருவரும் ரகசியமாகச் சந்தித்தார்கள். வர்ஜீனியாவின் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஊரிலுள்ள அரசு ஆயுதக் கிடங்கைத் தாக்கப் போகிறேன், கூட வாருங்கள் என்றார் பிரவுன். அது பொறி, உள்ளே போனால் வெளியே வர முடியாது என்று டக்ளஸ் மறுத்தார். கணக்கு சரிதான். அக்டோபரில் நடந்த தாக்குதல் இரண்டே நாளில் அடங்கியது. டிசம்பர் 2-ல் பிரவுன் தூக்கிலிடப்பட்டார். ஆனால் அந்தத் தோல்விதான் அடிமை முறை இருந்த தென் மாநிலங்களை நடுங்க வைத்தது.

எனக்கு டக்ளஸின் நிதானமே பெரிது. போர் வந்ததும் கறுப்பினப் படைக்கு ஆள் திரட்டினார், தன் மகன்களையும் அனுப்பினார். அவரே 1881-ல் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரிக்குப் போய் பிரவுனைப் போற்றிப் பேசினார்.

அன்று குவாரிக்கு டக்ளஸுடன் வந்தவர் ஷீல்ட்ஸ் கிரீன், அடிமைத்தனத்திலிருந்து தப்பியவர். அவர் பிரவுனோடு போனார். அவரையும் தூக்கிலிட்டார்கள்.