கேன்வாஸ் ரோல் வாங்கப் போகிறீர்களா? மாதிரித் துண்டை நம்பி நான் ஏமாந்தது இப்படித்தான்

வீட்டில் பை தைத்து விற்கிறவர்கள், அதிலும் இப்போதுதான் மொத்தமாகத் துணி வாங்க ஆரம்பித்திருக்கிறவர்கள், இதை ஒருமுறை படித்துவிடுங்கள். கடையின் பெயரைப் போடப் போவதில்லை, தனியாகக் கேட்டாலும் சொல்ல மாட்டேன். இந்த வேலையைச் செய்கிற கடை அது ஒன்றுதான் என்று நான் நினைக்கவில்லை, அதனால் பெயரை விட என்ன செய்தார்கள் என்று தெரிந்துகொள்வதுதான் உங்களுக்குப் பிரயோஜனம்.

ஒரு பயிற்சி முகாமுக்காக 40 தோள்பைகள் கேட்டிருந்தார்கள். மெரூன் கேன்வாஸ், உள்ளே பாலியெஸ்டர் லைனிங், ஒரு ஜிப் பாக்கெட். அதுவரை இரண்டு மீட்டர், மூன்று மீட்டர் என்று கையால் தொட்டுப் பார்த்தே வாங்கிப் பழகியவள் நான். ஒரே நிறத்தில் 15 மீட்டர் தேவைப்பட்டதால் இணையத்தில் தேடினேன். "முழுக் காட்டன், 340 ஜிஎஸ்எம், 150 செ.மீ. அகலம், சாயம் போகாது, சுருங்காது" என்று போட்டிருந்தார்கள். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு. மாதிரி கேட்டேன், உடனே அனுப்பினார்கள். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய துண்டு. ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தேன், துளி சாயம் ஒட்டவில்லை. மடித்து வைத்தால் மடிப்பு நின்றது. அப்புறம் என்ன, முழுப் பணத்தையும் கட்டிவிட்டேன்.

ரோல் வந்தது. நிறம் அதே நிறம், தொட்டால் மாதிரியை விட இன்னும் விறைப்பு, எனக்கு ஒரே சந்தோஷம். விரித்து அளந்தபோதுதான் முதல் அடி: அகலம் 143 செ.மீ. நீளமும் ஒரே துண்டாக இல்லை, 6.2, 5.1, 3.1 என்று மூன்று துண்டுகளைச் சேர்த்துச் சுருட்டியிருந்தார்கள், கூட்டினால் 14.4 மீட்டர். ஏழு செ.மீ. என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். என் கணக்கில் அகலத்துக்கு 39 செ.மீ. உடல் துண்டு மூன்று, மீதியில் 8 செ.மீ. கைப்பிடிக் கீற்று நான்கு, ஆக 149. 143-ல் மூன்று கீற்றுதான் வரும். பரவாயில்லை, மிச்சம் மீதியில் பொறுக்கி ஒப்பேற்றிக்கொள்ளலாம், தேதி நெருங்குகிறது என்று கத்தரியை எடுத்தேன். அந்த இடத்திலேயே நின்றிருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இல்லை.

ஏனென்றால் துணி என்னிடம் சொல்லிக்கொண்டேதான் இருந்தது. தைக்கத் தைக்க, மெஷினில் ஊசித் தகட்டைக் கழற்றினால் பாபினைச் சுற்றி வழக்கமான பஞ்சோடு வெள்ளையாக மாவு மாதிரி ஒரு தூசி. நான்கைந்து பைக்கு ஒருமுறை ஊசி மழுங்கியது, 100-ஆம் நம்பர் ஊசிதான் போட்டிருந்தேன், கேன்வாஸுக்கு அது போதும். தண்ணீர் தெளித்து அயர்ன் செய்தபோது கஞ்சி கருகுகிற வாடை, பெட்டியின் அடியில் பழுப்பாக ஒட்டிக்கொண்டது. புதுத் துணி அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு ஈரத்துணியால் பெட்டியைத் துடைத்துவிட்டு அடுத்த பையை எடுத்தேன். ஓரளவுக்கு அதுவும் உண்மைதான், தறியில் பாவு நூல், அதாவது நீளவாக்கில் ஓடுகிற நூல், அறுந்துபோகாமல் இருக்கக் கஞ்சி போடுவார்கள். ஆனால் அதை நெய்து முடித்த பிறகு அலசி எடுத்துவிட வேண்டும். எடை குறைந்த துணியைக் கனமாகக் காட்டுவதற்காகக் கடைசியில் மறுபடியும் கஞ்சியையும் களிமண் மாவையும் ஏற்றுவது வேறு கதை.

40 பைகளும் போய்ச் சேர்ந்தன. எல்லோருக்கும் பிடித்திருந்தது. பத்து நாள் கழித்து ஒரு பெண் படம் அனுப்பினார், "அக்கா, இது போகுமா?" என்று மட்டும் கேட்டிருந்தார். வெளிர் நிறச் சட்டை, தோளில் மெரூனாக ஒரு பட்டை. வியர்வை பட்டு கைப்பிடியின் அகலம் அப்படியே அச்சாகியிருந்தது, நான் ஓரத்தில் ஓட்டிய இரட்டைத் தையல் வரி கூடத் தெரிந்தது. என் கைவேலை அவர் தோளில். அதைப் பார்த்துவிட்டு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்து ஒருவர் பையைத் துவைத்திருக்கிறார். வெளித்துணி சுருங்கிவிட்டது, லைனிங் சுருங்கவில்லை. 40 செ.மீ. உயரப் பை 37-க்கு வந்து, லைனிங் உள்ளே கொசகொசவென்று மடிந்து, ஜிப் பாக்கெட் அலை அலையாக நெளிந்து, விறைப்பெல்லாம் போய் மூட்டை கட்டுகிற துணி மாதிரி தொங்கியது.

அன்றைக்குத்தான், செய்ய வேண்டிய சோதனையை எல்லாம் செய்தேன். மீதித் துணியில் 50-க்கு 50 செ.மீ. வெட்டி நிறுத்தேன், 81 கிராம். நான்கால் பெருக்கினால் ஜிஎஸ்எம், அதாவது 324. ஏறக்குறைய சொன்ன எடைதான், இங்கேதான் ஏமாறுகிறோம். அதையே வெந்நீரில் அலசினேன், தண்ணீர் செம்மண் குழம்பு மாதிரி ஆனது, அடியில் வெள்ளையாக வண்டல் தங்கியது. காயவைத்து நிறுத்தால் 64 கிராம். ஐந்தில் ஒரு பங்கு எடை வாளியில் போய்விட்டது. நீளவாக்கில் 50 இருந்தது 46 ஆகியிருந்தது. அப்புறம் ஓரத்திலிருந்து பாவு நூலையும் குறுக்கே ஓடுகிற ஊடை நூலையும் தனித்தனியாக உருவி, தட்டில் வைத்துக் கொளுத்தினேன். பாவு காகிதம் போல எரிந்து சாம்பலானது, சரி, பருத்தி. ஊடை உருகிச் சுருண்டு கறுப்பாகக் கெட்டி மணியாக நின்றது. பாலியெஸ்டர் கலந்திருக்கிறது. பருத்திக்குப் போடுகிற சாயம் பாலியெஸ்டரில் பிடிக்காது, அதற்கு வேறு வகைச் சாயம் வேண்டும். துவைத்த துண்டில் ஊடை இழை மட்டும் வெளுத்துப் பொடிப்பொடியாகத் தெரிந்ததற்குக் காரணம் அதுதான்.

அந்த மாதிரித் துண்டு நோட்டில் பின் அடித்து வைத்தபடியே இருந்தது. அதையும் அலசினேன். சாயம் போகவில்லை, சுருக்கமும் இல்லை, இரண்டு பக்க இழையும் சாம்பலாகத்தான் எரிந்தது. மாதிரி நல்ல துணி, வந்தது வேறு துணி.

கடைக்கு எழுதினேன். முதலில் "மேடம், லாட்டுக்கு லாட் கொஞ்சம் வித்தியாசம் வரும்" என்றார்கள். ஊடையில் பாலியெஸ்டர் எப்படி வந்தது என்று கேட்டதற்கு "குளிர்ந்த தண்ணீரில் கையால் துவைக்கச் சொல்லுங்கள்." தோளில் ஒட்டிய சாயத்துக்கு யாரைத் துவைக்கச் சொல்வது? படங்களை வரிசையாக அனுப்பிய பிறகு உண்மையான பதில் வந்தது: வெட்டிய துணியைத் திரும்ப எடுக்க மாட்டோம், வேண்டுமானால் அடுத்த ஆர்டரில் தள்ளுபடி. அடுத்த ஆர்டராம்! வெட்டாமல் வைத்தால் குறை தெரியாது, வெட்டினால் திரும்ப எடுக்க மாட்டார்கள், விதி அவ்வளவு வசதியாக இருக்கிறது. விளம்பரத்தில் என்ன எழுதியிருந்தீர்கள் என்று காட்டுவதற்காகப் பக்கத்தைத் திறந்தால், "முழுக் காட்டன்" என்பது "காட்டன் கேன்வாஸ்" என்று மாறியிருந்தது, "சுருங்காது" என்ற வார்த்தையையே காணவில்லை. நான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கவில்லை. அதற்குப் பிறகு பதிலும் இல்லை.

என் பேரிலும் தப்பு இருக்கிறது, மறைக்கவில்லை. துணியை அலசிவிட்டுத் தைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். கேன்வாஸை அலசினால் அந்த விறைப்பு கொஞ்சம் போய்விடும், படத்தில் பை நிமிர்ந்து நிற்காது, வாங்குகிறவர்கள் அதைத்தான் பார்க்கிறார்கள் என்பதால் பல பேர் அலசுவதில்லை, நானும் அலசவில்லை. இப்போது அலசிவிட்டு, விறைப்பு வேண்டுமென்றால் உள்ளே ஒட்டுகிற ஃபியூசிங் துணி வைக்கிறேன். வேலை இரட்டிப்புதான்.

40 பேருக்கும் நானே செய்தி அனுப்பி, பையை வெளிர் உடையோடு மாட்ட வேண்டாம், திருப்பி அனுப்புங்கள் என்று சொன்னேன். 27 பேர் அனுப்பினார்கள். வேறு துணியில் புதிதாகத் தைத்துக் கொடுத்தேன், லாபம் முழுவதும் அதில் போனது, ஜிப்பையும் ரன்னரையும் மட்டும் பிரித்து எடுத்துத் திரும்பப் பயன்படுத்த முடிந்தது. மற்றவர்கள் பரவாயில்லை என்று சொல்லிவிட்டார்கள், அவர்களில் எத்தனை பேர் இனி என்னிடம் வாங்குவார்கள் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை.

இப்போது ரோல் வந்தால் பார்சலைப் பிரிப்பதிலிருந்து வீடியோ எடுக்கிறேன், டேப்பை மூன்று இடத்தில் வைத்து அகலத்தைக் காட்டுகிறேன், ஓரத்தில் அரை மீட்டர் வெட்டி அலசி நிறுத்து எரித்துப் பார்க்கும் வரை மீதியில் கத்தரி படாது. இந்த அரை மீட்டரை வெட்டினால் "வெட்டிய துணி" என்று சொல்ல மாட்டீர்களே என்று பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். மாதிரியையும், எனக்கு அனுப்பப்போகிற ரோலிலிருந்தே, கரையோடு சேர்த்து வெட்டி அனுப்பச் சொல்கிறேன். கரையில் இருக்கிற இழை, ஆலையில் துணியை இழுத்துப் பிடிக்கும்போது அதில் விழுகிற ஊசித் துளைகளின் இடைவெளி இதையெல்லாம் ரோலோடு ஒட்டி வைத்துப் பார்த்தால் ஒரே துணியா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

போன வாரம் மூன்று கடைகளுக்கு இப்படி எழுதிக் கேட்டேன். இரண்டு பேர் சரி என்றார்கள். மூன்றாமவர் "ஏன், எங்கள் மேல் நம்பிக்கை இல்லையா மேடம்?" என்று கேட்டார். இல்லை என்று எழுதிவிட்டேன்.