ஏற்காட்டுக்கு ஏற்ற ஆட்டோகிளேவ்தானா?

ஏற்காட்டில் சிப்பிக் காளான் வித்து (சோளத்தில் வளர்த்தெடுக்கும் காளான் விதை) தயாரிக்கும் நான், சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய 40 லிட்டர் ஆட்டோகிளேவை, அதாவது அழுத்த ஆவியால் கிருமிகளைக் கொல்லும் கலனை, எட்டு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். அதற்கு முன்பு, அரைவேக்காட்டுச் சோளம் நிரப்பிய பைகளை அண்டாவில் மணிக்கணக்கில் அவித்துவந்தேன். நான்காம் நாள் பையைப் பிரித்தால் சோளம் பிசுபிசுத்துப் புளித்த வாடை வீசும். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. இங்கே திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகத் தாமதமாவதும் அதனால்தான். 100 டிகிரியையே தாங்கக்கூடிய பேசில்லஸ் பாக்டீரியாவின் ஸ்போர்கள் (கடினமான உறங்குநிலை வித்துகள்) அந்தச் சூட்டில் மடிவதில்லை.

கருவியின் கட்டுமானத்தில் குறையில்லை. மூடியின் ஆறு திருகுகளையும் எதிரெதிராக, சிறிது சிறிதாக இறுக்கினால் ரப்பர் வளையம் சீராகப் படிந்து, துளி ஆவியும் கசியாது. என் மனக்குறை கூடவே வந்த கையேட்டைப் பற்றியது. 15 பவுண்டு (சதுர அங்குலத்துக்கு) அழுத்தத்தில் 121 டிகிரி கிடைக்கும் என்று அது சொல்வது கடல்மட்டத்துக்குத்தான் பொருந்தும். வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்த இந்த மலையில் அழுத்தமானியின் முள் அதே 15-ஐக் காட்டும்போது உள்ளே ஏறத்தாழ 118 டிகிரிதான் இருக்கும். கருவியில் 20 பவுண்டு வரை அனுமதி பொறிக்கப்பட்டிருப்பதால், நான் 18 பவுண்டில் இரண்டு மணி நேரம் வைக்கிறேன்.

அதைவிடப் பெரிய விடுபடல், காற்றை வெளியேற்றுவது பற்றிக் கையேட்டில் ஒரு வரிகூட இல்லாதது. ஆவியோடு காற்றும் கலந்திருந்தால் முள் சரியான அழுத்தத்தைக் காட்டினாலும் வெப்பம் குறைவாகவே இருக்கும். ஆகவே ஆவி விட்டுவிட்டு வராமல் ஒரே சீராகச் சீறத் தொடங்கிய பிறகும் பத்து நிமிடம் காத்திருந்தே ஆவி வெளியேறும் வால்வை மூடுகிறேன். இது தெரியாத முதல் மாதத்தில் பாதிப் பைகளில் பச்சைப் பூஞ்சை படர்ந்தது. வெப்பம் பட்டால் கோடுகள் கறுக்கும் டேப்பையும் ஒட்டிப் பார்த்தேன்; அது பையின் மேற்புறத்துக்குச் சாட்சி சொல்லுமேயன்றி, நடுவிலுள்ள சோளத்துக்குச் சொல்லாது. பைகளை நெருக்கி அடுக்காமல் ஆவி புக இடைவெளி விடுவதே அதற்கு வழி.

கடைசியாக வைத்த 24 பைகளில் இரண்டு மட்டுமே கெட்டன. அந்த இரண்டிலும் பையின் வாயிலுள்ள பஞ்சடைப்பு நனைந்திருந்தது. இப்போது ஒவ்வோர் அடைப்பின்மீதும் தாள் சுற்றிக் கட்டுகிறேன். மலையில் வாங்க நினைப்பவர்கள், 15 பவுண்டோடு நின்றுவிடும் மலிவான மாதிரியைத் தவிர்த்து இதையே வாங்கலாம்.