பழைய மவுண்டன் பைக்கை வாங்கிப் புதுப்பிக்க: எஃகு ஃப்ரேமா, அலுமினிய ஃப்ரேமா?

ஈபேயிலும் கிரெய்க்ஸ்லிஸ்டிலும் பழைய மவுண்டன் பைக் தேடினால் இரண்டு வகை வண்டிகள்தான் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். ஒன்று, 1980களின் பின்பாதியிலிருந்து 1993 வாக்கில் வரை வந்த எஃகு ஃப்ரேம் வண்டி. சஸ்பென்ஷன் கிடையாது, முன்னால் சாதாரண எஃகு ஃபோர்க். ஸ்பெஷலைஸ்டு ராக்ஹாப்பர், டிரெக் 930, பிரிட்ஜ்ஸ்டோன் எம்பி வரிசை, கோனா லாவா டோம் எல்லாம் இந்த ரகம். இன்னொன்று, 1990களின் நடுவில் பெருகிய அலுமினிய ஃப்ரேம் வண்டி. முன்னால் ராக்‌ஷாக்ஸ் அல்லது மானிட்டூ சஸ்பென்ஷன் ஃபோர்க். கேனண்டேல் எம் வரிசையும் ஜிடி ஸாஸ்கரும் இதில் சேரும். பின்னாலும் சஸ்பென்ஷன் உள்ள அந்தக்கால வண்டிகளை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே இல்லை. அவற்றின் புஷ்ஷும் ஷாக்கும் தேடியே ஒரு வருடம் போய்விடும்.

என் சாய்வு எஃகுப் பக்கம். ஓட்டும் சுகத்தை வைத்து இதைச் சொல்லவில்லை. பத்து இருபது வருடம் கொட்டகையில் கிடந்த வண்டியில் ஏதாவது ஒரு உலோகம் இன்னொன்றுக்குள் இறுகிப்போயிருக்கும். அதை வெளியே எடுக்க எஃகு ஃப்ரேம் கடைசி வரை ஒரு வழி வைத்திருக்கும். அலுமினிய ஃப்ரேமில் அந்த வழி பாதியிலேயே அடைபட்டுவிடும்.

முதலில் அலுமினியத்துக்கு நியாயமாகச் சேர வேண்டியதைச் சொல்லிவிடலாம். ஃப்ரேம் லேசு, துரு கிடையாது. பிந்தைய வண்டிகளில் மரை இல்லாத 1⅛ அங்குல ஹெட்செட் (ஹேண்டில் திரும்பும் இடத்துப் பேரிங்) இருக்கும். அதற்கு ஸ்டெம் (ஹேண்டிலைப் பிடிக்கும் துண்டு) இன்றைக்கும் எளிதாகக் கிடைக்கிறது. 1996க்குப் பின் வந்தவற்றில் பெரும்பாலும் வி-பிரேக் இருக்கும். கான்டிலீவர் பிரேக்கின் குறுக்குக் கேபிளைச் சரிபார்த்து மாளாதவர்களுக்கு அது பெரிய நிம்மதி. கடலோர ஊரிலிருந்தோ, குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் ஊரிலிருந்தோ வரும் வண்டி என்றால் வெளித்தோற்றத்தில் அலுமினியம்தான் நல்ல நிலையில் இருக்கும். எஃகு வண்டியை விற்பவர் எந்த ஊர் என்று பார்ப்பது நல்லது. அரிசோனாவின் வறண்ட கொட்டகையில் கிடந்ததும் மிச்சிகனில் பனிக்காலம் முழுக்க ஓடியதும் ஒன்றல்ல.

இரண்டுக்கும் பொதுவான செலவு: 26 அங்குல டயர் இரண்டு, டியூப் இரண்டு, பிரேக் கட்டை நான்கு, பிரேக் கேபிள் இரண்டு, கியர் கேபிள் இரண்டு, அவற்றின் உறை, கைப்பிடி ரப்பர், செயின். ரிம் அளவு 559 மி.மீ. என்பதால் டயருக்குப் பஞ்சமில்லை. 6, 7, 8 கியருக்கு ஒரே செயின் போதும். வீல் ஹப்பைத் திறந்தால் முன்னால் பக்கத்துக்கு 10 பேரிங் பால்ஸ், 3/16 அங்குலம். பின்னால் பக்கத்துக்கு 9, கால் அங்குலம். கியர் ஷிஃப்டர் தட்டினால் எதுவும் பிடிக்காமல் சும்மா ஆடினால் உடைந்தது என்று எறிந்துவிட வேண்டாம். 1990க்குப் பின் வந்த ஷிமானோ ரேபிட்ஃபயரில் உள்ளே இருக்கும் கிரீஸ் கோந்தாகி, பல்லைப் பிடிக்கும் சின்னக் கொக்கிகளை ஒட்டவைத்துவிடும். டபிள்யூடி-40 அடித்துக் கழுவி, நூறு தடவை தட்டி, பிறகு மெல்லிய எண்ணெய் விட்டால் பெரும்பாலானவை உயிர் பெற்றுவிடும். கட்டைவிரலால் தள்ளும் பழைய தம்ப் ஷிஃப்டருக்கு இந்த வியாதியும் இல்லை.

ஃபோர்க் விஷயத்தில் எஃகுக்கு ஒரு வெற்றி. ராக்‌ஷாக்ஸின் முதல் ஃபோர்க் ஆர்எஸ்-1 வந்தது 1989இல். அதன்பின் வந்த குவாட்ரா, ஜூடி, மானிட்டூ போன்றவற்றில் ஸ்பிரிங் வேலையைச் செய்தது எலாஸ்டோமர் என்ற ரப்பர் போன்ற உருளை. வருடம் போகப்போக அது கல்லாகும், அல்லது பிசின் மாதிரி உதிரும். மாற்று உருளை கிடைக்கும், தேட வேண்டும். புது ஃபோர்க் போடலாமே என்றால், இன்றைய ஃபோர்க்குகளில் பெரும்பாலானவற்றில் ரிம் பிரேக் பொருத்தும் முளை இல்லை. ஃப்ரேமுக்குள் ஏறும் ஸ்டியரர் குழாயும் அடியில் பருத்தது. உயரமும் அதிகம். முன்பக்கம் சுமார் 20 மி.மீ. உயர்ந்தாலே ஹெட் டியூப் (ஃபோர்க் நுழையும் முன் குழாய்) ஏறக்குறைய 1 டிகிரி சாய்ந்துவிடும். 80 மி.மீ.க்குக் குறைவான அசைவுக்கு வரைந்த ஃப்ரேமில் 100 மி.மீ. ஃபோர்க் போட்டால் திருப்பத்தில் ஹேண்டில் கனமாகத் தொங்கும். எஃகு ஃபோர்க்கில் கெடுவதற்கு ஒன்றும் இல்லை. வளைந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

இதெல்லாம் பணத்தாலும் பொறுமையாலும் தீரும். இறுகிப்போன சீட் போஸ்ட் (சீட்டைத் தாங்கி ஃப்ரேமுக்குள் இறங்கும் குழாய்) அப்படித் தீராது.

வண்டியின் சீட் போஸ்ட் அநேகமாக அலுமினியம். எஃகுக் குழாய்க்குள் அது கிரீஸ் இல்லாமல் நின்று, வியர்வையோ மழைநீரோ இறங்கினால் இரண்டு உலோகத்துக்கும் இடையே மின்வேதி அரிப்பு தொடங்கும். அரிபடுவது அலுமினியம். அதிலிருந்து வரும் வெள்ளைப் பொடி, தின்னப்பட்ட உலோகத்தைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால்தான் ஆப்பு அடித்த மாதிரி இறுகுகிறது. அலுமினிய ஃப்ரேமில் இரண்டும் ஒரே உலோகம்தானே, அரிக்காது என்று நினைக்க வேண்டாம். இடுக்கில் உப்பு நீர் தங்கினால் அங்கேயும் அதே வெள்ளைப் பொடிதான். இறுகுவதில் இரண்டும் ஒன்று. வேறுபாடு எல்லாம் எடுப்பதில்.

முதல் படி இரண்டுக்கும் பொது. சீட் கிளாம்ப் போல்ட்டை முழுதாகக் கழற்றி, மேலே ஊடுருவும் எண்ணெய் விடுங்கள். பிறகு பாட்டம் பிராக்கெட்டை (பெடல் அச்சும் அதன் பேரிங்கும்) கழற்றி, ஃப்ரேமைத் தலைகீழாக நிறுத்தி அந்தப் பக்கத்திலிருந்தும் விடுங்கள். மூன்று நான்கு நாள், தினம் ஒருமுறை மரச் சுத்தியலால் தட்டி வாருங்கள். அடுத்து, போஸ்ட்டின் தலையைப் பட்டறை வைஸில் இறுக்கி, ஃப்ரேமையே நெம்புகோலாகப் பிடித்துத் திருப்புங்கள். 'கிறீச்' என்ற சத்தம் வந்தால் வெற்றி. சத்தமே இல்லாமல் ஃப்ரேம் முறுக்கிக்கொண்டு வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். சீட் டியூப் (போஸ்ட் இறங்கும் ஃப்ரேம் குழாய்) முறுக்கேறினால் ஃப்ரேம் போயிற்று.

இரண்டாவது, குளிர். அலுமினியம் எஃகைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும். 27 மி.மீ. போஸ்ட்டை ஃப்ரேமோடு சேர்த்து 50 டிகிரி குளிர்வித்தால் இரண்டுக்கும் நடுவே சுமார் 0.015 மி.மீ. இடைவெளி கூடும். கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆனால் பொடியின் பிடி விட அது போதுமானதாக இருக்கலாம். டயருக்குக் காற்றடிக்கும் கார்பன் டை ஆக்சைடு குப்பியைப் போஸ்ட்டுக்குள் திறந்துவிட்டு உடனே திருப்ப வேண்டும். ஃப்ரேமைச் சூடாக்கினால் கழன்று வரும் என்று பலர் தீயைக் காட்டுகிறார்கள். சூடு உள்ளே போய்ச் சேர்ந்துவிட்டால் போஸ்ட்தான் அதிகம் விரிந்து இன்னும் இறுகும். பெயின்ட் போவது தனி. அலுமினிய ஃப்ரேமில் இரண்டும் ஒரே அளவு சுருங்குவதால் போஸ்ட்டை மட்டும் தனியாகக் குளிர்வித்தால்தான் பலன். அந்தக் குளிரும் நொடிகளில் ஃப்ரேமுக்குப் பரவிவிடும்.

மூன்றாவது, அறுப்பது. போஸ்ட்டைக் கிளாம்புக்கு மேல் இரண்டு விரல் விட்டு வெட்டி, ஆக்ஸா பிளேடை உள்ளே விட்டு நீளவாக்கில் கோடு அறுத்து, போஸ்ட்டை உள்ளே மடக்கிப் பிடுங்குவது. சுவர் 2 முதல் 2.5 மி.மீ. இருக்கும். எஃகு ஃப்ரேமில் பிளேடு அலுமினியத்தைத் தாண்டியதும் கை உணரும். சத்தம் மாறும், பல் வழுக்கும். அலுமினிய ஃப்ரேமில் போஸ்ட் எங்கே முடிந்தது, ஃப்ரேம் எங்கே தொடங்கியது என்று கைக்கு எதுவும் சொல்லாது. ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் சீட் டியூபில் விரிசலுக்கு விதை போட்டாயிற்று.

நான்காவதும் கடைசியும் காஸ்டிக் சோடா. இது எஃகு ஃப்ரேமுக்கு மட்டும். சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் அலுமினியத்தைத் தின்றுவிடும், எஃகைத் தொடாது. ஃப்ரேமைத் தலைகீழாக நிறுத்தி, வெட்டிய போஸ்ட்டின் வாயை ரப்பர் தக்கையால் அடைத்து, தண்ணீர் பாட்டில் மாட்டும் போல்ட் துளைகளையும் ரப்பர் வாஷரோடு மூட வேண்டும். பலரும் மறப்பது அதைத்தான். அங்கிருந்து ஒழுகினால் பெயின்ட் உரிந்துவிடும். ஃபோர்க்கும் அலுமினிய உதிரிகளும் கழற்றியிருக்க வேண்டும். ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் 100 கிராம் சோடாவை மெல்லத் தூவிக் கரையுங்கள். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது. பாட்டம் பிராக்கெட் வாய் வழியாகச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள்.

சீட் டியூப் சுமார் கால் லிட்டர்தான் கொள்ளும். அதில் இருக்கும் 25 கிராம் சோடா அதிகபட்சம் 17 கிராம் அலுமினியத்தைக் கரைக்கும். 10 செ.மீ. நீளம் மாட்டிக்கொண்ட போஸ்ட்டின் எடை ஏறக்குறைய 45 கிராம். ஆக, ஒரே ஊற்றில் முடியாது. கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுவது நான்கைந்து முறையாவது நடக்கும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் ஒன்றிரண்டு நாள் வேலை. வருவது ஹைட்ரஜன் வாயு, கூடவே கடும் சூடு. திறந்தவெளியில், நெருப்புப் பொறி எதுவும் இல்லாத இடத்தில், கண் முழுக்க மூடும் கண்ணாடியும் நீண்ட ரப்பர் கையுறையும் போட்டுச் செய்ய வேண்டிய வேலை இது. பொங்கினால் எட்ட நின்று அடங்கவிடுங்கள். கடைசியில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, காயவைத்து, குழாய்க்குள் எண்ணெய் பூசுங்கள். சீட் டியூபுக்குள் காற்றுத் துளைகள் இருந்தால் கரைசல் வேறு குழாய்களுக்கும் போயிருக்கும்; ஃப்ரேமை எல்லாப் பக்கமும் கவிழ்த்துக் கழுவினால்தான் முழுதும் வெளியேறும்.

ஒரு எச்சரிக்கை. எஃகும் அலுமினியமும் ஒட்டிச் செய்த ஃப்ரேம்கள் உண்டு. ராலே டெக்னியம் அப்படிப்பட்டது. அவற்றில் சோடா வேண்டாம். முழு அலுமினிய ஃப்ரேமில் ஊற்றினால் போஸ்ட்டோடு ஃப்ரேமும் சேர்ந்து கரையும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இதே நியாயம் மற்ற இடங்களிலும் தொடரும். பாட்டம் பிராக்கெட் மரை கெட்டால் எஃகில் டேப் (மரை வெட்டும் கருவி) போட்டு மீட்கலாம். அலுமினிய மரை மெத்தென்று உரிந்து வந்துவிடும். வலப்பக்கக் கப் இடதுமரை, கடிகார திசையில் திருப்பினால்தான் கழலும். அது தெரியாமல் இரும்புக் குழாய் மாட்டி நெம்பியவர் கையில் உரிந்தவை நிறைய. பின் டிரெயிலியர் (கியர் மாற்றும் கருவி) தொங்கும் காது வளைந்திருந்தால் எஃகில் நிமிர்த்திவிடலாம். அலுமினியத்தில் கழற்றி மாட்டும் காதாக இருந்தால் அதே அச்சு தேட வேண்டும். ஃப்ரேமோடு சேர்ந்ததாக இருந்தால் நிமிர்த்தும்போதே கீறல் விடலாம். பின் அச்சு இடைவெளி 130 மி.மீ. உள்ள எஃகு ஃப்ரேமில் 135 மி.மீ. ஹப் போட வேண்டுமா, பக்கத்துக்கு 2.5 மி.மீ. விரித்தால் போதும். பிறகு ஒரு டிராப்-அவுட்டிலிருந்து (பின் அச்சு உட்காரும் பிளவு) ஹெட் டியூபைச் சுற்றி மறு டிராப்-அவுட்டுக்கு நூல் கட்டி, சீட் டியூபுக்கும் நூலுக்கும் இருபக்கமும் ஒரே இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். அலுமினியத்தில் இதை முயலவே வேண்டாம்.

எஃகுக்கும் மரணம் உண்டு. அது உள்ளிருந்து வரும். பாட்டம் பிராக்கெட்டில் தேங்கிய நீர் சீட் டியூபின் அடியையும் செயின் ஸ்டேயின் (அங்கிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் குழாய்) தொடக்கத்தையும் தின்றிருக்கலாம். பெயின்ட் கொப்புளித்திருந்தால் அங்கே கம்பி முனையால் அழுத்தினால் தெரிந்துவிடும். படத்தை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. அலுமினியத்தில் அதற்கு ஈடான பயம் உலோகக் களைப்பு. எவ்வளவு ஆயுள் மிச்சம் என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. வெல்டிங் ஓரங்களில் முடி அளவு கோடு தெரிகிறதா என்று மட்டுமே பார்க்கலாம்.

ஆகவே பணம் அனுப்பும் முன் விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "சீட்டை 2 செ.மீ. இறக்கி ஒரு படம், ஏற்றி ஒரு படம் அனுப்ப முடியுமா?" அடுத்து ஹேண்டில் ஸ்டெம்முக்கும் அதே கேள்வி. பிறகு ஹெட் டியூபுக்குப் பின்னால் டவுன் டியூபின் (பாட்டம் பிராக்கெட்டுக்கு இறங்கும் குழாய்) அடிப்பக்கப் படம்; அங்கே அலை மாதிரி மடிப்போ பெயின்ட் வெடிப்போ இருந்தால் முன்னால் மோதிய வண்டி, வேண்டாம். "முயன்று பார்க்கவில்லை" என்று பதில் வந்தால் இறுகியிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். எஃகு என்றால் அதற்கேற்ப விலையைக் குறைத்துக் கேட்டு வாங்கலாம். அலுமினியம் என்றால் அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடுங்கள்.

எஃகிலேயே தேர்ந்தெடுக்க முடிந்தால் 1990 முதல் 1993 வரையிலானதை முதலில் பாருங்கள். 135 மி.மீ. பின் அச்சும் 1⅛ அங்குல ஹெட் டியூபும் பரவலான காலம் அது. செயின் ஸ்டேக்கு அடியில் யூ-பிரேக் பொருத்திய 1980களின் பின்பாதி வண்டிகளில் சேறு முழுக்க அங்கேதான் போய்ச் சேரும். கேரி ஃபிஷரின் 1¼ அங்குல ஹெட்செட் நல்ல யோசனைதான், இன்றைக்கு உதிரிதான் அரிது.

விதிவிலக்காக, சீட் போஸ்ட் தாராளமாக நகரும் படத்தோடு ஒரு கேனண்டேலோ ஸாஸ்கரோ வந்து, ஃபோர்க்கையும் யாரோ ஏற்கெனவே எஃகு ஃபோர்க்காக மாற்றியிருந்தால் வாங்கலாம். வந்த அன்றே போஸ்ட்டை உருவி, குழாயைத் துடைத்து, கிரீஸ் தடவிப் போடுங்கள். போஸ்ட்டில் பொறித்த அளவு 26.8 என்றால் 27.0 போஸ்ட்டைச் சுத்தியலால் இறக்க வேண்டாம். அடுத்த முறை இறுகுவது அங்கேதான்.