லைன் ஷாஃப்ட், தனி மோட்டார், வி.எஃப்.டி.: நீண்ட காலம் ஓட்டினால் தெரிவது

நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் பெரிய மின்மோட்டாரை வைத்த ஆலைகள் பல. கூரைக்கடியில் ஓடும் லைன் ஷாஃப்ட் (எல்லா எந்திரங்களுக்கும் சக்தி தரும் நீண்ட சுழல்தண்டு), புல்லிகள், ஒவ்வொரு லேத்துக்கும் இறங்கும் தோல் பெல்ட் எல்லாம் அப்படியே இருந்தன. உற்பத்தி பெரிதாகக் கூடவில்லை. காரணம் ஷாஃப்ட்தான். ஒரே ஒரு லேத் ஓட வேண்டுமென்றாலும் முழு ஷாஃப்டும் சுழல வேண்டும். வரும் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு பேரிங்கிலும் பெல்ட்டிலும் தேய்ந்து போவது சாதாரணம். அதைவிடப் பெரிய இழப்பு, வேலை எந்த வரிசையில் நகர்கிறது என்று பார்க்காமல் ஷாஃப்ட் போகும் வழியைப் பார்த்து எந்திரங்களை நிறுத்த வேண்டியிருந்தது.

1889இல் பொறியாளர் டோலிவோ-டோப்ரோவோல்ஸ்கி செய்த மூன்று பேஸ் அணில்கூண்டு மோட்டாரில் (சுழலும் பகுதி கூண்டு வடிவக் கம்பிகளால் ஆனது) சுழலும் பகுதியை உரசி மின்சாரம் தரும் பிரஷ் கிடையாது, தேய்வதற்குப் பேரிங் மட்டுமே. எந்திரத்துக்கு ஒரு மோட்டார் வைக்க அது வழிவிட்டது. ஆனாலும் 1900 வாக்கில் அமெரிக்க ஆலைகளின் இயக்கசக்தியில் மின்மோட்டாரின் பங்கு 5 சதவீத அளவில்தான் இருந்தது. பாதியைத் தாண்ட ஏறக்குறைய 20 ஆண்டுகள் ஆயின. பெல்ட் போனதும் தலைக்குமேல் கிரேன் ஓடியது, வெளிச்சம் வந்தது, எந்திரங்கள் வேலை வரிசைப்படி நின்றன. ஃபோர்டின் ஹைலேண்ட் பார்க் ஆலையில் ஒரு காரின் சேசிஸ் (அடிச்சட்டம்) பூட்ட 12½ மணி நேரம் ஆனது, 1914க்குள் ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது அப்படிப்பட்ட தரையில்தான்.

இன்று வி.எஃப்.டி. (மின்சாரத்தின் ஹெர்ட்ஸை மாற்றி மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவ்) வாங்குவோரும் அதே பழைய தவறைச் செய்கிறார்கள். டிரைவை மாட்டிவிட்டு, பம்பின் வால்வையும் ஃபேனின் டேம்பரையும் (காற்றைத் தடுக்கும் தகடு) பாதி மூடியே வைத்திருக்கிறார்கள். அவற்றை முழுக்கத் திறந்துவிட்டு வேகத்தைக் குறைத்தால்தான் பலன். ஃபேனை 80 சதவீத வேகத்தில் ஓட்டினால் சக்தி 51 சதவீதம் போதும், ஏனென்றால் சக்தி வேகத்தின் மும்மடிப்படி (0.8 × 0.8 × 0.8) மாறுகிறது. உயரத் தொட்டிக்கு ஏற்றும் பம்பில் இந்தக் கணக்கு அப்படியே வராது. ஓர் அளவுக்குக் கீழே வேகம் இறங்கினால் பம்பு சுற்றும், தண்ணீர் ஏறாது. கன்வேயரில் மிச்சம் இன்னும் குறைவு.

முதலில் மோட்டார் பெயர்ப்பலகையிலுள்ள வோல்ட், ஆம்பியர், ஹெர்ட்ஸ், சுற்று வேகத்தைப் பதிந்து, சுமையைக் கழற்றிவிட்டு ஆட்டோ-டியூன் (டிரைவே மோட்டாரை அளந்து தன்னை அமைத்துக்கொள்வது) செய்யுங்கள். நிறுத்தும் நேரத்தை மிகக் குறைத்தால் கனமான ஃபேன் ஜெனரேட்டராக மாறி, மின்சாரத்தைத் திருப்பித் தள்ளும். டிரைவ் ஓவர்வோல்டேஜில் டிரிப் ஆகும், அதாவது தானே நின்றுவிடும். நேரத்தைக் கூட்டுங்கள், முடியாதபோது அந்த மின்சாரத்தை வெப்பமாக்கித் தீர்க்கும் பிரேக் ரெசிஸ்டர் போடுங்கள். டிரைவின் வெளியீட்டுப் பக்கம், அதாவது மோட்டாருக்குப் போகும் பக்கம், பவர் ஃபேக்டர் கெபாசிட்டர் வைக்கவே கூடாது.

சில ஆண்டுகள் கழித்து வரும் பழுதுகள் வேறு. மோட்டாரில் ஒரு மாதிரி உறுமல் கேட்டால் பேரிங்கைப் பிரித்துப் பாருங்கள். பந்தோடும் பாதையில் சலவைப்பலகை போல வரிவரியாக இருந்தால் அது ஷாஃப்ட் வழியே பாய்ந்த மின்னோட்டத்தின் வேலை. பேரிங்கை மட்டும் மாற்றினால் மறுபடியும் வரும். அந்த மின்னோட்டத்தைத் தரைக்கு இறக்கும் ஷாஃப்ட் எர்த்திங் ரிங்கும், பெரிய மோட்டாரென்றால் இன்சுலேட்டட் பேரிங்கும் தேவை. கேபிள் மிக நீளமானால் மோட்டார் முனையில் வோல்டேஜ் உச்சம் இரு மடங்கு வரை எகிறி வைண்டிங்கை (மோட்டாரின் கம்பிச்சுற்று) தின்னும், ஃபில்டர் போடுங்கள். டிரைவுக்குள் முதலில் சாகிறது கூலிங் ஃபேன், அடுத்தது கெபாசிட்டர். வெப்பம் 10 டிகிரி கூடினால் கெபாசிட்டர் ஆயுள் பாதியாகும், ஆகவே பெட்டியின் தூசி வடிகட்டியை விடாமல் சுத்தம் செய்யுங்கள். 400 வோல்ட் டிரைவில் உள்ளே டி.சி. 565 வோல்ட் நிற்கும். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்து, மீட்டரில் அளந்த பிறகே கை வையுங்கள்.

லேத்துக்கு டிரைவ் போட்டாலும் படிப்புல்லியையும் (பெல்ட்டை மாற்றி வேகம் மாற்றும் பல அளவுப் புல்லி) கியரையும் கழற்ற வேண்டாம். பாதி வேகத்தில் மோட்டார் தருவது பாதி சக்தி மட்டுமே. அதன் சொந்த ஃபேனும் மெதுவாகச் சுற்றுவதால் சூடேறும். ஆழமாகச் செதுக்கும்போது கியரைக் குறைத்து மோட்டாரை முழு வேகத்துக்கு அருகில் ஓட்டுங்கள், டிரைவை நுண்ணிய மாற்றத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.