சவுரி முடி: சுருட்டையா நெளியா, அசலா செயற்கையா?

சுருள் எக்ஸ்டென்ஷன், அதாவது சொந்த முடியோடு சேர்த்துப் பொருத்தும் சவுரி, வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, எது பார்க்க இயல்பாக இருக்கும் என்றுதான். கடையில் தொங்கும்போது எல்லாச் சுருளும் அழகுதான். பத்து முறை அலசிய பிறகும் அது சுருளாகவே இருக்குமா, அதற்கு நம்மிடம் எவ்வளவு வேலை வாங்கும் என்பதை வைத்துத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

மனித முடியில் செய்த சவுரியின் அடிப்படைச் சிக்கல் வறட்சி. தலையில் இருக்கும் முடிக்கு உச்சந்தலையிலிருந்து எண்ணெய்ப்பசை ஊறிக்கொண்டே இருக்கும். வெட்டியெடுத்த முடிக்கு அது கிடையாது. போதாததற்கு, சுருட்டையாக விற்பதில் பெரும்பகுதி நேர்முடியை நீராவியிலோ ரசாயனத்திலோ சுருட்டியது. அந்தச் சிகிச்சையும் அதைக் கொஞ்சம் உலர்த்தியிருக்கும். ஆகவே சல்ஃபேட் இல்லாத ஷாம்பூ, ஒவ்வொரு அலசலிலும் கண்டிஷனர், காய்ந்த நாட்களில் லேசாகத் தண்ணீர் தெளிப்பு என்று தொடர்ந்து கவனிக்க வேண்டும். பதிலுக்கு ஒரு நன்மை உண்டு: கலைந்த சுருளை நனைத்துக் கையால் கசக்கிவிட்டால் பெரும்பாலும் பழையபடி எழுந்து நிற்கும்.

இதில் 'ரெமி' என்ற சொல்லைக் கவனியுங்கள். முடியின் மேற்புறச் செதில்கள் எல்லாம் வேரிலிருந்து நுனிவரை ஒரே திசையில் இருக்கும்படி சேகரித்தது ரெமி. திசை மாறிக் கலந்த முடியில் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும் என்பதால், அவற்றை அமிலத்தில் நீக்கி, மேலே சிலிக்கோன் பூசி விற்பதுண்டு. முதல் வாரம் பட்டு மாதிரி இருக்கும். பூச்சு கரைந்ததும் நார்தான். என்ன கண்டிஷனர் போட்டாலும் அது திரும்பாது.

செயற்கை இழை இதற்கு நேர்மாறு. சுருள் அந்த இழையிலேயே சூட்டால் பதிந்தது. நனைத்தாலும், காற்றில் எவ்வளவு ஈரப்பதம் இருந்தாலும் வடிவம் மாறாது. அதன் எதிரிகள் இரண்டு: உரசலும் சூடும். சட்டைக் காலரில் உரசும் பிடரிப் பக்கம் முதலில் பஞ்சாகும். எண்ணெயும் க்ரீமும் உள்ளே இறங்காது, மேலே படிந்து தூசி பிடிக்கும். இதைத் தலைமுடியாக நினைக்காமல் நல்ல துணியாக நினைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. குளிர்ந்த தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பூ, சில நிமிடம் ஊறல், பிழியாமல் ஒற்றியெடுத்துத் தொங்கவிடல், அவ்வளவுதான். துணிக்கு ஊற்றும் மென்மையாக்கியைத் தண்ணீரில் கலந்து அலசுகிறவர்களும் உண்டு. சீப்பில் ஒட்டிப் பறப்பது குறையும்.

சூடு விஷயத்தில் நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். அவசரத்தில் சாதாரண செயற்கைச் சவுரி ஒன்றைச் சுருட்டும் இரும்பில் வைத்தேன். கண்ணெதிரே நுனி உருகிக் குட்டி முத்தாக உருண்டுபோனது. சூடு தாங்கும் என்று எழுதியிருக்கும் ரகங்களிலும் அவர்கள் குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழேயே நிற்க வேண்டும். அந்த முத்து ஒரு சோதனையும்கூட: ஓரிழையைக் கொளுத்திப் பார்த்தால் அசல் முடி விரலில் நொறுங்கும் சாம்பலாகும், செயற்கை கட்டியாக உருகும்.

சரி, நெளியா சுருட்டையா? சிக்கு எடுப்பதில்தான் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம். நெளி முடியை அலசுவதற்கு முன் உலர்ந்த நிலையிலேயே நுனியில் தொடங்கி மேல்நோக்கிச் சீவலாம். அதே சீப்பை உலர்ந்த சுருட்டையில் விட்டால் சுருள்கள் பிரிந்து பஞ்சுப்பொதியாகும். சுருட்டைக்கு ஈரமும் கண்டிஷனரும் இருக்கும்போது முதலில் விரல், அப்புறம் அகலப்பல் சீப்பு. செயற்கைச் சுருட்டை என்றால் சீப்பே வேண்டாம், ஒவ்வொரு சுருளாக விரலில் சுற்றிவிடுங்கள். நெளிக்கு வேறொரு பலவீனம் உண்டு. கனமான க்ரீம் போட்டால் அந்தப் பாரத்திலேயே அலை தொய்ந்துவிடும். மூஸ் போன்ற லேசான நுரை போதும்.

பொருத்தும் முறையையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் இந்தக் கணக்கு தப்பும். டேப் ஒட்டும் முறையில் கண்டிஷனரோ எண்ணெயோ ஒட்டுப் பக்கம் போனால் பசை விட்டுவிடும். சுருட்டை மனித முடிக்கோ கண்டிஷனர்தான் உயிர். இந்த ஜோடி எனக்குப் பிடிக்கவே இல்லை. முடியை வரிசையாகக் கோத்த பட்டையைச் சொந்த முடியின் பின்னலோடு தைத்துப் பொருத்தும் முறையில் அந்தப் பயம் இல்லை. ஆனால் இறுக்கித் தைத்தால் வேர் இழுபட்டு முடி நிரந்தரமாகவே கொட்டலாம். எதுவானாலும் 6 முதல் 8 வாரத்தில் கழற்றி மாற்ற வேண்டும். நம் முடி மாதம் 1 செ.மீ.க்குச் சற்று மேல் வளர்வதால் பொருத்திய இடம் வேரை விட்டுக் கீழே இறங்கிவிடும். அன்றாடம் உதிரும் 50 முதல் 100 முடிகளில் ஒரு பகுதியும் அங்கேயே சிக்கிக் கிடக்கும்.

கிளிப் சவுரியைக் காற்றில் காயவிடுவதே நல்லது. தலையில் நிலையாக இருப்பதற்கு அது சரிவராது, வேர்ப்பக்கம் மணிக்கணக்கில் ஈரம் நிற்கும். வேரை மட்டும் டிஃப்யூசர் (காற்றைப் பரவலாக்கும் அகன்ற வாய்) மாட்டிய டிரையரில், குறைந்த சூட்டில் உலர்த்திவிட்டு மீதியைக் காற்றுக்கு விடுங்கள். ஈரத்தோடு படுத்தால் காலையில் பிடரியில் சிக்குச் சடைதான். தூங்கும்போது நெளிக்குத் தளர்ந்த பின்னல், சுருட்டைக்கு உச்சியில் ஒரு தளர்ந்த முடிச்சு, இரண்டுக்கும் சாட்டின் தலையணை உறை.

தினமும் அணிய நான் எடுப்பது தைத்துப் பொருத்திய ரெமி நெளி முடி. விசேஷத்துக்கு மட்டும் என்றால் செயற்கைச் சுருட்டை கிளிப்பே போதும். கழற்றியதும் விரலால் சுருளை ஒதுக்கி உறையில் போட்டுவிடலாம். தினமும் சுருட்டைதான் வேண்டும் என்பவர்கள் மனித முடியே எடுங்கள், அலசும் நாளில் கண்டிஷனரும் சீப்புமாக உட்கார நேரம் ஒதுக்க முடிந்தால்.